முன்பின் ஆன கிரியைகள்

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 632இல், நபிகள் நாயகம் தம் இறுதி ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள். துல்ஹஜ் பிறை 10 அன்று மினாவில் அவர்களை மக்கள் சூழ்ந்துகொண்டனர். அன்றைக்குரிய கிரியைகள் நான்கு: கல்லெறிதல், பலியிடுதல், தலைமுடி களைதல், மக்கா சென்று கஅபாவை வலம் வருதல். நாயகம் அவர்கள் இவ்வரிசையிலேயே செய்து காட்டினார்கள். ஆனால் வந்தவர்களுள் ஒருவர், அறியாமல் பலிக்கு முன்பே முடி களைந்துவிட்டதாகச் சொன்னார். மற்றொருவர் கல்லெறியுமுன் பலியிட்டிருந்தார். எஞ்சியதைச் செய்யுங்கள், குற்றமில்லை என்பதே இருவர்க்கும் கிடைத்த விடை. அன்று முன்பின் ஆன எதைப்பற்றிக் கேட்டபோதும் இதே விடைதான் வந்தது என்கிறார் இதனை அறிவித்த அப்துல்லாஹ் இப்னு அம்ர்.

இந்தச் சிறு விடையின்மீது பெரியதொரு சட்ட விவாதம் எழுந்தது. வரிசை பேணுவது ஸுன்னத்து மட்டுமே, மாறினால் பரிகாரமில்லை என்றார் இமாம் ஷாஃபிஈ. கல்லெறிவதற்கு முன் முடி களைந்தால் பரிகாரம் உண்டு என்றார் இமாம் மாலிக். இமாம் அபூஹனீஃபாவோ, உம்ராவையும் ஹஜ்ஜையும் சேர்த்து நிறைவேற்றுவோர்க்கு முதல் மூன்று கிரியைகளின் வரிசை வாஜிப் என்றும், தவறினால் மற்றுமோர் ஆடு பலியிட வேண்டும் என்றும் கருதினார். அவருடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதுமே இதில் ஆசிரியருடன் உடன்படவில்லை.

குற்றமில்லை என்ற சொல் பாவத்தை நீக்குமேயன்றிப் பரிகாரத்தை நீக்காது. கேட்டவரும் அறியாமல் செய்தவரே என்பது ஹனஃபி அறிஞரின் வாதம். பரிகாரம் கடமையாயிருப்பின், அறியாமல் கேட்க வந்தவரிடம் அதை அப்போதே சொல்லியிருப்பார்களே என்பது எதிர்வாதம். இது எளிதில் தள்ளத்தக்கதன்று.

தமிழகத்துக் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டில் ஹனஃபி மத்ஹபும் பெருவழக்கு. ஆதலின் ஒரே கூடாரத்தில் தங்கும் இரு தமிழருக்கு இருவேறு சட்டம் அமையக்கூடும். 1983 முதல் பலி இறைச்சியை வீணாக்காது ஏழை நாடுகளுக்கு அனுப்பும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பணம் கட்டிச் சீட்டுப் பெறுபவருக்குத் தம் ஆடு எந்நேரம் அறுக்கப்பட்டது என்பது தெரிவதில்லை. ஷாஃபிஈ வழியினர் கவலையின்றி முடி களைகின்றனர். இமாமின் கூற்றை இறுகப் பற்றும் ஹனஃபியோ, அறுத்தாயிற்று என்ற செய்திக்காக இஹ்ராம் உடையுடன் காத்திருக்கிறார்.

வரிசையில் நேர்ந்த பிழைக்கு ஈடு ஓர் ஆடு. நேரத்தைப் பற்றிய சட்டமோ உயிர்களோடு தொடர்புடையதாயிற்று. பிறை 11, 12, 13 ஆகிய நாட்களில் நாயகம் அவர்கள் உச்சி சாய்ந்தபின்னரே கல்லெறிந்தார்கள். அதற்கு முன் எறிவது செல்லாது என்பது பெரும்பாலோர் தீர்ப்பு. முற்கால அறிஞர் அதாவும் தாவூஸும் முன்னரே எறியலாம் என்றனர். பிறை 13க்கு மட்டும் அபூஹனீஃபாவும் இசைந்தார். பிறை 12 அன்று சூரியன் மறையுமுன் மினாவை விட்டுப் புறப்பட விரும்பும் இலட்சக்கணக்கானோர் உச்சிப்பொழுதுக்காகக் காத்து நின்று, ஒரே வேளையில் நெருக்கினர்.

1950களிலேயே கத்தார் நாட்டு அறிஞர் அப்துல்லாஹ் பின் ஸைத் ஆல் மஹ்மூத், நெரிசலைச் சுட்டி, உச்சிக்கு முன்னரும் எறியலாம் என நூலெழுதினார். சவூதி முஃப்தி முஹம்மது பின் இப்ராஹீம் மறுப்பு நூல் எழுதினார். ஒட்டகம் மேய்ப்போர் இரு நாட்களின் கல்லெறிதலை ஒரே நாளில் சேர்த்துச் செய்ய நாயகம் அவர்கள் இசைவளித்த செய்தி இரு தரப்பாரும் அறிந்ததே. பணியின் பொருட்டு அளித்த சலுகை உயிரின் பொருட்டு ஆகாதா என்ற வினா அன்று வெற்றி பெறவில்லை.

1994இல் கல்லெறியுமிடத்தில் 270 பேர் மாண்டனர். 2006 ஜனவரி 12 அன்று, அதே பிறை 12இல், நண்பகல் கழிந்த வேளையில் 340க்கு மேற்பட்டோர் மிதிபட்டு இறந்தனர். அவ்வாண்டே பழைய பாலம் இடிக்கப்பட்டு, பல அடுக்குப் பாலம் எழலாயிற்று. எனினும் பழியெல்லாம் சட்டத்தின்மேல் சுமத்துவதற்கில்லை. 2015 செப்டம்பரில் அதனினும் பெரிய சாவு நேர்ந்தது பிறை 10இன் காலையில். உச்சிப்பொழுதுக் கட்டுப்பாடு இல்லாத நாளில், கல்லெறியும் இடத்தை அடையுமுன்பே, மினாவின் தெருவொன்றில்.