கண் நரம்பு அடிபட்டால் விழித்திரைக்குள் என்ன நடக்கிறது? கடையில் வாங்கும் சொட்டு மருந்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

டெல்லி புசா ரோடு. நவம்பர் மாதப் புகைமூட்டம். ராஜேந்திர பிளேஸ் மெட்ரோவில் இறங்கி நடப்பதற்குள் கண் எரிந்து சிவந்துவிடுகிறது. பக்கத்து மெடிக்கலில் "பையா, கண்ணுக்கு ஏதாச்சும் டிராப்ஸ் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போடுகிறீர்கள். ரெண்டே நாளில் சிவப்பு போய்விடுகிறது. அடுத்த முறையும் அதே பாட்டில்தான்.

அந்த பாட்டிலில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

ஸ்டீராய்டு என்ன செய்யும்?

கண்ணுக்குள் ஒரு திரவம் எப்போதும் சுரந்து, வடிந்துகொண்டே இருக்கும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வாரக்கணக்கில் போட்டால், சிலருக்கு அந்த வடிகால் அடைபடத் தொடங்கும். கண்ணின் அழுத்தம் ஏறும். வழக்கமான அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம். ஏறினாலும் பெரும்பாலும் வலிக்காது, அதனால் நமக்குத் தெரியாது. இப்படி ஏறும் அழுத்தம் கண் நரம்பைச் சிதைப்பதுதான் ஸ்டீராய்டால் வரும் க்ளாக்கோமா. இது இளம் வயதிலும் வரலாம்.

நரம்பு நசுங்கினால் செல் ஏன் சாகிறது?

விழித்திரையில் கேங்க்ளியான் செல்கள் என்று சுமார் 10 லட்சம் நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நீண்ட வாலும் சேர்ந்துதான் மூளைக்குப் போகும் கண் நரம்பு. இந்த வால் வெறும் ஒயர் இல்லை, இருவழிச் சாலை. செல்லை உயிரோடு வைத்திருக்கும் ஊட்டப் புரதங்கள் மூளைப் பக்கத்திலிருந்து இதே வழியாகத்தான் வருகின்றன.

அழுத்தம் ஏறும்போது, நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் வால்கள் நசுங்குகின்றன. போக்குவரத்து நிற்கிறது. ஊட்டம் கிடைக்காத செல்லில் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா தடுமாறும், கால்சியம் அளவு கூடும். கடைசியில் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் வேலையைத் தொடங்கிவிடும்.

பக்கத்து செல்களுக்கு என்ன ஆகிறது?

விழித்திரை செல்கள் தகவல் சொல்லப் பயன்படுத்தும் முக்கிய ரசாயனம் குளுட்டமேட். வேலை முடிந்ததும் அதை உறிஞ்சி, தீங்கில்லாத குளுட்டமைனாக மாற்றுவது முல்லர் செல்களின் பொறுப்பு. அந்தத் துப்புரவு சரியாக நடக்காவிட்டால் குளுட்டமேட்டே நஞ்சாகிவிடும். அதிக குளுட்டமேட் விழித்திரையை அழிக்கும் என்பது 1957-லேயே எலிகளில் காட்டப்பட்டது.

அப்படியானால் குளுட்டமேட்டைத் தடுத்தால் போதுமே? அதையும் செய்து பார்த்தார்கள். மெமன்டின் என்ற மருந்தை க்ளாக்கோமா நோயாளிகளுக்குப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்ததில், எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

2017-ல் பாஸ்டன் விஞ்ஞானிகள் இன்னொரு தடயத்தைச் சொன்னார்கள். எலியின் கண் நரம்பை நசுக்கிய சிறிது நேரத்திலேயே, கேங்க்ளியான் செல்களை ஒட்டியுள்ள அமக்ரைன் செல்களில் துத்தநாகம் சேர்கிறது. அடுத்த சில நாட்களில் அது கேங்க்ளியான் செல்களுக்குள் போகிறது. அந்தத் துத்தநாகத்தைப் பிடித்து அகற்றியபோது, பல செல்கள் பிழைத்தன. நரம்பு கொஞ்சம் வளரவும் செய்தது. ஆனால் இது எலியில் கிடைத்த முடிவு. மனிதர்களுக்கான சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

செத்த செல் திரும்ப வருமா?

வராது. மனிதக் கண்ணில் கேங்க்ளியான் செல்கள் புதிதாக முளைப்பதில்லை. பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் குறையும். ஒரு கண்ணின் குறையை இன்னொரு கண்ணும் மூளையும் சேர்ந்து நிரப்பிவிடுவதால், ரொம்ப நாள் எதுவும் தெரியாது.

சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை க்ளாக்கோமா ஆய்வு, 40 வயதைத் தாண்டியவர்களைப் பரிசோதித்தது. பரவலான வகை க்ளாக்கோமா இருந்தவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல், தங்களுக்கு அந்த நோய் இருப்பதே அதுவரை தெரியாது. இது சென்னை நகரத்து நிலவரம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்றிருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் போடாதீர்கள்.

• மருத்துவர் எழுதிக் கொடுத்ததாக இருந்தால், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீட்டிக்கவும் வேண்டாம். "டாக்டர், பிரஷர் பாக்கணுமா?" என்று கேளுங்கள்.

• பவர் செக் செய்வது வேறு, அழுத்தம் பார்ப்பது வேறு. கண்ணாடிக் கடையில் பவர் பார்த்ததோடு கண் பரிசோதனை முடிந்துவிடாது. கண் மருத்துவர் அழுத்தத்தையும் நரம்பையும் பார்க்க வேண்டும்.

• அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது க்ளாக்கோமா இருந்தால், 40 வயது வரை காத்திருக்காதீர்கள்.

• இந்த முறை ஊருக்குப் போகும்போது பெற்றோரையும் அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். "எனக்கு கண்ணு நல்லாத்தான்பா தெரியுது" என்பார்கள். அந்த ஆய்வில் நோய் தெரியாமல் இருந்த பலரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அழுத்தத்தைக் குறைக்க இன்று சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை எல்லாம் இருக்கின்றன. மிச்சம் இருக்கும் செல்களைக் காப்பாற்ற அவை உதவும். போனதை மீட்க, இப்போதைக்கு எதுவும் இல்லை.