நூலகர் மாணவரான வரலாறு: சார்லட் முதல் மார்டள்ளி வரை

நூலகத் தகவல் அறிவியல் துறையில், 'நூலகர்களும் சமூக வலைக் கருவிகளும்' என்ற பொருளில் அமையும் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே வழியில் செல்கின்றன. வினாநிரலைச் சுற்றுக்கு விட்டு, எத்தனை நூலகர்கள் முகநூலை அறிவர், எத்தனை பேர் வாட்ஸ்அப் பயன்படுத்துகின்றனர் என விழுக்காடு கணக்கிட்டு நாம் முடித்துவிடுகிறோம். அக்கருவிகளை நூலகர் எவ்வாறு கற்றார், கற்பதற்கான நேரத்தை யார் அளித்தார், எம்மொழியில் கற்றார் என்பன வரலாற்று வினாக்கள். கர்நாடக எல்லையிலுள்ள மார்டள்ளி போன்ற தமிழூருக்கு அவையே முதன்மையானவை என்பது என் கருத்து.

'நூலகம் 2.0' என்ற தொடரை 2005இல் புழக்கத்திற்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க நூலகர் மைக்கேல் கேசி. மறு ஆண்டு ஆகஸ்டில், வட கரோலினா மாநிலத்தின் சார்லட் மெக்லன்பர்க் பொது நூலகத்தில் ஹெலன் புளோவர்ஸ் 'லேர்னிங் 2.0' என்னும் பயிற்சியைத் தொடங்கினார். அதில் 23 செயல்கள் இருந்தன: வலைப்பதிவு தொடங்குதல், ஃபிளிக்கரில் படம் ஏற்றுதல், செய்தியோடைகளைத் தொடர்தல், விக்கிப் பக்கத்தைத் திருத்துதல் முதலியன. வகுப்பறையோ தேர்வோ இல்லை. ஊழியர்கள் தம் வேகத்தில் செய்து பார்த்து, கற்றதைத் தம் வலைப்பதிவிலேயே எழுதினர். முடித்தவர்களுக்கு எம்பி3 ஒலிக்கருவி பரிசாகக் கிடைத்தது. பாடத்திட்டம் பொது உரிமத்தில் வெளியிடப்பட்டதால் ஆஸ்திரேலியா உட்படப் பல நாடுகளின் நூலகங்கள் அதைத் தழுவிக்கொண்டன.

அப்பயிற்சியில் இடம்பெற்ற கருவிகள் பல இன்று வழக்கில் இல்லை. செய்தியோடைகளைப் படிக்கப் பலரும் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2013இல் மூடப்பட்டது. எஞ்சியது தயங்காமல் தொட்டுப் பார்க்கும் பழக்கம். இப்பழக்கம் நம் மரபுக்குப் புதிதன்று. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிப் பயிற்சிக்காக லண்டன் சென்ற சீர்காழி இரா. அரங்கநாதன், அங்கு ஒரு கடையில் கண்ட மெக்கானோ விளையாட்டுப் பொருளிலிருந்தே கோலன் பகுப்புமுறைக்கான கருத்தைப் பெற்றார். நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் வெளியிட்ட 1931ஆம் ஆண்டிலேயே, மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை உருவாக்கிய மாட்டுவண்டி நூலகத்தையும் தொடங்கிவைத்தார். அக்காலத்தில் வாசகரிடம் நூலைக் கொண்டுசேர்க்கக் கிடைத்த கருவி மாட்டுவண்டி.

இணையக் காலத்தில் தமிழில் நிகழ்ந்தது வேறு வகையானது. இங்குப் பயிற்சித் திட்டங்களுக்கு முன்பே தன்னார்வலர்கள் களமிறங்கிவிட்டனர். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டமும், 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும், 2005இல் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் காக்கும் நூலகம் திட்டமும் தொடங்கின. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரே கட்டடத்தை நம்பியிருப்பதன் ஆபத்தை அந்த இழப்பு உணர்த்தியிருந்தது.

நூலகம் தளம் விக்கி மென்பொருளில் அமைந்தது என்பதை ஆய்வாளர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். அங்குச் சமூக வலைக் கருவியே நூற்பட்டியலாகவும் அமைந்தது. அத்தகைய பட்டியலில் பணியாற்ற வரும் நூலகர், தாம் எழுதிய பதிவை மற்றொருவர் திருத்தக்கூடும் என்பதை ஏற்கப் பழக வேண்டும். தன்னார்வலரோ நூலகரிடமிருந்து ஒழுங்கைக் கற்க வேண்டும். உ. வே. சா., உ. வே. சாமிநாதையர், சாமிநாதையர் உ. வே. என ஒருவரே மூன்று தலைப்புகளில் சிதறினால் தேடுபவருக்கு முழுப் பயன் கிட்டாது. தலைப்பெழுத்து முன்னா பின்னா, கிரந்த எழுத்தை வைப்பதா விடுவதா என்பன சிறு ஐயங்களாகத் தோன்றலாம். நூல் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் அவற்றைப் பொறுத்தே அமைகின்றன.

இனி மார்டள்ளி. தமிழ் பேசும் கத்தோலிக்கக் குடும்பங்கள் பெருமளவில் வாழும் இவ்வூர் பழைய கொள்ளேகால் வட்டத்தைச் சேர்ந்தது. 1956 வரை அவ்வட்டம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் இப்பகுதிக்கும் உரியதாக இருந்தது. மாநில மறுசீரமைப்பில் மைசூர் மாநிலத்துடன் இணைந்தபின், 1965ஆம் ஆண்டின் மைசூர்ச் சட்டத்தின் கீழ் வந்தது. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தது. நிர்வாக எல்லைகள் இவ்வாறு மாறியபோதும் வீட்டுமொழி தமிழாகவே நீடித்தது.

கர்நாடகத்தின் ஊராட்சி நூலகங்கள் 2019இல் ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்புக்கு மாற்றப்பட்டன. 2020 நவம்பரில் 'ஓதுவ பெளகு' என்ற வாசிப்பு இயக்கம் தொடங்கிச் சிறார்களைக் கட்டணமின்றி உறுப்பினர்களாகச் சேர்த்தது. கணினியும் இணைய இணைப்பும் சிற்றூர் நூலகங்களை எட்டின. பாராட்டத்தக்க முயற்சி இது. எனினும் நிர்வாகமும் பயிற்சியும் கன்னடத்தில் நடைபெறும் சூழலில், தமிழ்க் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி நூலகத்தில் நுழைந்தால் அவளுக்குரிய தமிழ் நூலை யார் காட்டுவார்? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் தமிழ் விக்கிமூலமும் அதே கணினியில் கட்டணமின்றித் திறக்கின்றன. அவை உள்ளன என்பதையும், தமிழில் தட்டச்சிட்டுத் தேடும் முறையையும் நூலகர் அறிந்திருந்தால் போதும். புதிய நிதியோ புதிய அலமாரியோ வேண்டியதில்லை. அவர் அறியாவிடில், வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் என்ற அரங்கநாதனின் விதி அச்சிறுமி வரையில் பொய்த்துப்போகும். அவர் கன்னடம் மட்டுமே அறிந்தவராயின் அது அவர் குறையன்று. பயிற்சித் திட்டம் எல்லையூர்களின் மொழியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இத்துறையில் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வினாநிரலில் 'நீங்கள் முகநூல் பயன்படுத்துகிறீர்களா' என்ற வினாவோடு மேலும் மூன்றைச் சேருங்கள்: கற்பதற்குப் பணிநேரத்தில் இடம் தரப்பட்டதா? பயிற்சி எம்மொழியில் நடந்தது? உங்கள் வாசகரின் வீட்டுமொழியில் ஒரு நூலையேனும் இணையத்தில் தேடி எடுத்துத் தந்ததுண்டா? கொள்ளேகால், ஹனூர் வட்டங்களிலிருந்து இவற்றுக்கு விடை திரட்டுவோர் இருப்பின், அவர்களோடு உரையாட விரும்புகிறேன்.