புத்தளக் கரையின் உப்பும் கருவாடும்

இலங்கையின் வடமேல் மாகாணத்தில், சிலாபம் முதல் கற்பிட்டிக் குடாநாடு வரை நீளும் கரையோரத்தில் வேரூன்றிய உணவுப் பதன மரபு. தமிழ் பேசும் முஸ்லிம்கள், உடப்பு போன்ற ஊர்களின் இந்துத் தமிழர், கத்தோலிக்க மீனவர், சிங்களவர் எல்லோரும் இதற்கு உரியவர்கள். எந்த ஒரு சமூகத்துக்கும் இதைத் தனியே எழுதிவைக்க முடியாது.

இந்த மரபைப் புத்தளம் களப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இக்களப்பு வடக்கே கடலோடு திறந்திருக்கிறது. புத்தளம் நகரும் பாலாவியும் உள்ள தென்பகுதி அந்த வாயிலிலிருந்து வெகு தூரம். மழையற்ற மாதங்களில் வெயிலும் காற்றும் அங்குள்ள நீரைக் கடல்நீரைவிடக் கரிப்பாக்கிவிடுகின்றன. உப்பு விளைவிப்போருக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடுகிறது. பிறகு நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி வற்றவிடுவார்கள். முதலில் ஜிப்சம் படியும், அதன்பின் உப்புப் பூக்கும். எஞ்சும் கசப்பு நீரை உரிய நேரத்தில் வடித்துவிட வேண்டும். தவறினால் மக்னீசிய உப்புகள் கலந்து, உப்பு கசந்து ஈரம் பிடிக்கும். பாத்தியில் நிற்பவரின் கண் அளவுதான் அந்த உப்பின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

இக்கரையின் உணவு பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்றை விட்டுச்சென்றவர் மொரோக்கோப் பயணி இப்னு பதூதா. 1344இல் அவர் வந்திறங்கிய ‘பத்தாலா’ புத்தளம் என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அங்கே யாழ்ப்பாண மன்னரான ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராக இருந்தார். சிவனொளிபாத மலைக்குப் போகும் வழியில் ‘மனார் மண்டலி’ என்று அவர் குறிக்கும் ஊரில் எருமைக் கன்று, சோறு, நெய், மீன், கோழி, பால் ஆகியவற்றோடு விருந்து கிடைத்தது என்று எழுதுகிறார். அதன்பின் அவர் சேர்ந்த ‘பந்தர் சலாவாத்’ சிலாபமாக அடையாளம் காணப்படுகிறது.

உப்பின் அரசியல் பலம் கண்டி இராச்சியக் காலத்தில் தெளிவாகிறது. மலைநாட்டில் நெல் உண்டு, பாக்கு உண்டு, பலா உண்டு. உப்பு மட்டும் இல்லை. 1660 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டியில் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ், மன்னனின் நாட்டில் ஒரு பகுதி உப்பும் மீனும் பெற்றது புத்தளத்திலிருந்துதான் என 1681இல் வெளியான நூலில் பதிந்திருக்கிறார். பொதிமாடுகளை நிரையாக ஓட்டிச் செல்லும் ‘தவளம்’ வணிகத்தில் முஸ்லிம்கள் முன்னின்றார்கள். உப்பும் கருவாடும் மேலே ஏறும், பாக்கு கீழே இறங்கும். சங்க இலக்கியம் காட்டும் உப்பு வணிகரான உமணர் செய்த தொழில் இங்கே இன்னொரு மக்களின் கையில் இன்னும் பல நூற்றாண்டுகள் உயிரோடு இருந்தது என்று சொல்லலாம்.

ஒல்லாந்தர் இதைக் கணக்கிட்டே நடந்தார்கள். களப்பின் வாயிலைப் பார்த்திருக்கும் கற்பிட்டிக் கோட்டையை 1667இல் கட்டத் தொடங்கினார்கள். புத்தளம் கண்டி மன்னனிடம் இருந்தாலும் அதற்குப் போகும் படகுகளை அங்கிருந்தே மறிக்க முடிந்தது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு இலங்கைக் கரை முழுவதும் ஒல்லாந்தர் வசமானது. அப்போதும் சிலாபம், புத்தளம் பகுதிகளில் உப்பு எடுத்துக்கொள்ளும் உரிமையைக் கண்டியார் எழுத்தில் பெற்றார்கள். கரையையே இழந்த அரசு உப்பை மட்டும் விடவில்லை. இன்று பயணிகள் கோட்டைச் சுவரைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தச் சுவர் எழக் காரணமான உப்பளங்களை யாரும் மரபுரிமைச் சின்னமாக எண்ணுவதில்லை. இது பெரிய குறை.

இக்கரைக்கு வந்த ஐரோப்பியருக்கு உப்பின் பெறுமதியைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. போர்த்துக்கேயர் உப்பிட்டுக் காயவைத்த கொட் மீனைத் தேசிய உணவாகவே ஆக்கிக்கொண்டவர்கள். ஒல்லாந்தரின் ஹெர்ரிங் மீன் வணிகமும் போர்த்துக்கலின் செத்தூபால் உப்பை நம்பி நின்றது. ஒல்லாந்தருக்குப் பின் 1795இல் கற்பிட்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயரும் உப்பை அரசின் ஏகபோகமாகவே வைத்துக்கொண்டார்கள்.

கருவாட்டின் ஆண்டு காற்றோடு சுழல்கிறது. தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கடல் கொந்தளிக்கும். அது ஓய்ந்ததும் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவக் குடும்பங்கள் கற்பிட்டிக் கரைக்கு வந்து வாடி என்னும் தற்காலிகக் குடில்களை அமைப்பார்கள். உடப்பில் கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டு எழும். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் அந்தத் தாளத்தில் கயிற்றை இழுப்பார்கள். சூடையும் நெத்தலியும் குவிந்துவிட்ட நாளில் அன்றே விற்றுத் தீராததெல்லாம் வெயிலுக்குப் போகும். சிறு மீனை அப்படியே பரப்பிக் காயவிடலாம். கட்டா, பாரை, சுறா, திருக்கை போன்றவற்றை வகுந்து, குடல் நீக்கி, கழுவி, சதையில் கீறல் போட்டு, மீனும் உப்புமாக அடுக்கி ஊறவைத்த பிறகே காயவைப்பார்கள். இங்கே உப்பளத்தின் தவறு கருவாட்டில் வெளிப்படும். கல்சியமும் மக்னீசியமும் மிகுந்த உப்பு சதைக்குள் மெதுவாகவே இறங்கும். சரியாகக் காயாமல் ஈரம் தங்கினால், வெயிலில் விளைந்த உப்பில் வாழும் நுண்ணுயிர்கள் கருவாட்டின் மேல் இளஞ்சிவப்பாகப் படரும். வெட்டுவது, உப்பிடுவது, புரட்டுவது, மழைக்கு முன் அள்ளுவது என இந்த வேலையின் பெரும்பங்கைப் பெண்கள் செய்கிறார்கள். உடன்படிக்கைகளும் வரிக் கணக்குகளும் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் வைத்திருக்கவில்லை.

சமையலில் இக்கரைக்கு இன்னொரு துணை தென்னை. சிலாபம், புத்தளம், குருநாகல் சேர்ந்த தென்னை முக்கோணத்தில்தான் புத்தளம் மாவட்டம் இருக்கிறது. கருவாட்டை ஊறவைத்து உப்பைத் தணித்து, கத்தரிக்காயோ மாங்காயோ சேர்த்துத் தேங்காய்ப்பாலில் கறி வைப்பார்கள். அல்லது வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டுத் தேங்காய் எண்ணெயில் பொரிப்பார்கள். பெருந்தோட்டங்கள் எழுந்தபின் மலையகத் தமிழரின் லயன் வீடுகளிலும் கருவாடு அன்றாடக் கறியாயிற்று. குளிர்பெட்டி இல்லாத அந்த வீடுகளுக்குக் கெடாமல் போய்ச் சேர்ந்த கடலுணவு அதுதான்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோர் வந்து தங்கியது இம்மாவட்டத்தில்தான். காணியும் கடலும் இழந்து வந்தவர்களில் பலர் உப்பளங்களிலும் கற்பிட்டியின் வெங்காய, மிளகாய்த் தோட்டங்களிலும் நாட்கூலிக்கு நின்றார்கள். ஏற்கனவே 1980களில் பரவத் தொடங்கியிருந்த இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் காடுகள் அழிக்கப்பட்டன. மீன்குஞ்சுகள் வளரும் இடமே சுருங்கியது. 1996இல் வெண்புள்ளி நோய் பண்ணைகளையும் சாய்த்தது.

சமையல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது 1995 முதல் நாட்டில் கட்டாயமானது. பருவம் தவறிய மழையால் விளைச்சல் குறைந்து, 2025இல் இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்யும் நிலை வந்தது. அதே மழை கருவாட்டையும் விடுவதில்லை. தரையில் விரித்துக் காயவைக்கும் பழைய முறையில் மணலும் ஈயும் ஈரமும் சேர்ந்துகொள்வதால், வலை கட்டிய உயர்ந்த தட்டுகளிலும் சூரிய உலர்த்திகளிலும் காயவைக்கும் முறை இப்போது பரவி வருகிறது.