அழுத்தக் குழாய் (நைட்ரோ ரிமோட் கார்)

நைட்ரோ எஞ்சினில் ஓடும் ரிமோட் கார்களில் சைலன்சரையும் எரிபொருள் டேங்கின் மேற்பகுதியையும் இணைக்கும் சிலிகான் டியூப். மெத்தனால், நைட்ரோமீத்தேன், மசகெண்ணெய் கலந்த எரிபொருளை இவ்வண்டிகளில் பெரும்பாலும் பம்ப் தள்ளுவதில்லை. வெளியேறும் புகையின் அழுத்தமே தள்ளுகிறது. திரவத்தை நகர்த்தப் பொதுவாகப் பம்போ சரிவோ உதவும்: 2004 முதல் சென்னைக்குப் போகும் வீராணம் ஏரி நீரைச் சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து மோட்டார்கள் கடாம்புலியூர் வரை ஏற்றுகின்றன. அதன்பின் அது சரிவிலேயே பாய்கிறது. ரிமோட் காரில் பம்புக்கு இடமில்லை, சரிவையும் நம்ப முடியாது.

கார்புரேட்டர் தானே உறிஞ்சிக்கொள்ளாதா என்று கேட்கலாம். வேகத்துக்காகக் காற்றுவழி அகலமாக இருப்பதால் உறிஞ்சும் விசை குறைவு; டேங்க் காலியாகக் காலியாக எரிபொருள் குறைந்து எஞ்சின் சூடேறும். புகையழுத்தம் நிலையற்றதே என்பது அடுத்த ஆட்சேபம். உண்மைதான், ஆனால் ஆக்சிலரேட்டரைக் கூட்டும்போது, அதாவது எரிபொருள் கூடுதலாகத் தேவைப்படும் அதே நேரத்தில், அழுத்தமும் கூடுகிறது. ஆகவே இக்குழாயைத் துணைப்பொருளாக அல்ல, கலவையைச் சீராக்கும் உறுப்பாகவே கொள்ள வேண்டும். பழுதுகளும் இதையே காட்டுகின்றன: மூடியின் ஓ-ரிங் தேய்ந்தாலோ டியூப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலோ, ஊசித் திருகை எவ்வளவு திருப்பினாலும் எஞ்சின் சீராகாது. கழற்றிய டேங்கை நீரில் அமிழ்த்தி, ஒரு குழாயை அடைத்து மற்றதில் ஊதினால் கசிவிடத்தில் குமிழி கிளம்பும். திருகைத் தொடுமுன் செய்ய வேண்டிய சோதனை இதுவே.