மின்மிதிவண்டியின் செல்தொலைவும் திறனுயர்வும்

1. ஆய்பொருள்

மின்மிதிவண்டி வாங்க வருபவர் கடையில் கேட்பவை பெரும்பாலும் இரண்டு: மைலேஜ் எவ்வளவு, பிக்கப் எப்படி? வாங்கி ஓராண்டு ஓட்டியவர் மெக்கானிக்கிடம் கேட்பவையும் இரண்டு: இன்னும் கொஞ்ச தூரம் ஓட வைக்கலாமா, மோட்டாரைப் பெரிதாக்கினால் சார்ஜ் சீக்கிரம் தீர்ந்துவிடுமா? கடைசிக் கேள்விக்கு ‘தீரும்’ என்பதே வழக்கமான விடை. அவ்விடை ஒரு நிலையில் உண்மை. மற்றொரு நிலையில் அதற்கு நேர்மாறானதே உண்மை. அந்த இரு நிலைகளையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் எடுத்துக்கொள்ளும் வண்டி மிதி உள்ளது. லித்தியம் அயனி பேட்டரி பூட்டியது. சக்கரத்தின் குடத்திலேயே மோட்டார் அமைந்தது. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ எனக் கொள்வோம். மின்ஸ்கூட்டர்கள் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்பவை.

2. வரையறைகள்

பேச்சில் ‘பவர்’ என்ற ஒரே சொல் மூன்று பொருள்களைச் சுமக்கிறது. அவற்றைப் பிரிக்காமல் கணக்குத் தொடங்க முடியாது.

விசை என்பது வண்டியை முன்னே தள்ளுவது, அலகு நியூட்டன். சக்கரத்தைத் திருகும் வடிவில் அது முறுக்குவிசை எனப்படும். மக்கள் பிக்கப் என்று சொல்வது இதையே.

ஆற்றல் என்பது அவ்விசை குறிப்பிட்ட தொலைவுக்குச் செயல்பட்டதன் மொத்தம், அலகு வாட்-மணி. பேட்டரியில் அடங்கியிருப்பது ஆற்றலே, திறன் அன்று. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்று எழுதிய பேட்டரியில் 360 வாட்-மணி உள்ளது.

திறன் என்பது ஆற்றல் செலவாகும் வேகம், அலகு வாட். விசையை ஓட்டவேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும்.

கிலோமீட்டர்ச் செலவு என்பது ஒரு கிலோமீட்டர் ஓட பேட்டரி தரவேண்டிய வாட்-மணி. பேட்டரியில் பயன்படுத்தத்தக்க ஆற்றலைக் கிலோமீட்டர்ச் செலவால் வகுத்தால் வருவது செல்தொலைவு. மைலேஜ் என்ற சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள் இதுவே.

இந்த வரையறைகளிலிருந்து முதல் முடிவு உடனே பிறக்கிறது. விசையைத் தொலைவால் பெருக்குவதே ஆற்றல் ஆகையால், 3.6 நியூட்டன் தடையை எதிர்த்து ஒரு கிலோமீட்டர் ஓடச் சக்கரத்தில் ஒரு வாட்-மணி செலவாகும். இந்தச் சமன்பாட்டில் மோட்டாரின் வாட் எங்கும் வரவில்லை. செல்தொலைவை நேரே முடிவு செய்வது தடைவிசை. மோட்டாரின் திறன் அதைத் தொடுவது வேறு வழியில்.

3. மோட்டார் மீது எழுதிய திறன்

வண்டியில் ‘250 வாட்’ என்று எழுதியிருப்பதன் பொருளையும் இங்கேயே தெளிவாக்க வேண்டும். மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் 36 வோல்ட் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் இழுக்க விட்டால், மோட்டாருக்குப் போவது 540 வாட். ஆகவே எழுதிய எண் உச்ச அளவு ஆகாது. சூடேறிக் கெடாமல் மோட்டார் நெடுநேரம் தரக்கூடிய திறனையே அது குறிக்கிறது.

இந்தியாவின் மைய மோட்டார் வாகன விதிகளும் இதே அடிப்படையில் எழுந்தவை. முப்பது நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், மோட்டாரின் உதவி மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் நின்றுபோவதாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் உள்ள மிதித்துணை வண்டியை அவை மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பும் தொடர்திறன் 250 வாட், வேகம் 25 கி.மீ. அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம் 750 வாட் வரை இடம் தருகிறது. முப்பது நிமிடம் என்று காலத்தைச் சேர்த்துச் சொன்னதிலேயே, திறனின் எல்லை வெப்பத்தின் எல்லை என்ற உண்மை அடங்கியிருக்கிறது.

4. தடைகளின் வகைகள்

வண்டி எதிர்கொள்ளும் தடைகள் மூன்று.

முதலாவது உருளல் தடை. டயர் நசுங்கி மீள்வதால் எழுவது. எடையோடு கூடும்; வேகத்தைப் பெரிதும் பொருட்படுத்தாது. நல்ல சாலையில், காற்று நிறைந்த டயரில், நம் 100 கிலோவுக்கு ஏறத்தாழ 8 நியூட்டன். டயரில் காற்று குறைந்தால் இது விரைந்து கூடும்.

இரண்டாவது காற்றுத் தடை. வேகத்தின் இருமடிப் பெருக்கமாக வளர்வது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்கு மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் இது ஏறத்தாழ 17 நியூட்டன், 35-இல் 34, 45-இல் 56.

மூன்றாவது ஏற்றத் தடை. எடையையும் சரிவையும் மட்டுமே சார்ந்தது. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் சாலையில் நம் வண்டிக்கு 49 நியூட்டன். வேகமாக ஏறினாலும் மெல்ல ஏறினாலும் இத்தொகை மாறாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயில் சுமார் 330 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,200 மீட்டரை எட்டுகிறது. அந்த உயரத்துக்கு 100 கிலோவைத் தூக்க, வேறு இழப்பு எதுவுமே இல்லாவிட்டாலும், 500 வாட்-மணிக்கு மேல் வேண்டும். 360 வாட்-மணி பேட்டரி தனியே அதைச் செய்யாது. மோட்டார் எத்தனை வாட் ஆனாலும் இந்தக் கணக்கு மாறாது. குறைவதைக் கால்கள்தான் ஈடுசெய்ய வேண்டும்.

5. சமவெளிக் கணக்கு

இழப்புகள் போக பேட்டரி ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு சக்கரத்தை அடைகிறது என்றும், 360 வாட்-மணியில் பத்தில் ஒரு பங்கை இருப்பாக விட்டு 324-ஐப் பயன்படுத்துகிறோம் என்றும் கொள்வோம். மிதிக்காமல் ஓட்டினால் விளைவு இது.

25 கி.மீ. வேகத்தில் மொத்தத் தடை 25 நியூட்டன். கிலோமீட்டர்ச் செலவு ஏறத்தாழ 9 வாட்-மணி. செல்தொலைவு சுமார் 37 கி.மீ.

35 கி.மீ. வேகத்தில் தடை 42 நியூட்டன்; செலவு 15 வாட்-மணிக்குச் சற்றுக் குறைவு; செல்தொலைவு 22 கி.மீ.

45 கி.மீ. வேகத்தில் தடை 64 நியூட்டன். செலவு 22 வாட்-மணி. செல்தொலைவு 15 கி.மீ.க்கும் குறைவு.

சக்கரத்தில் வேண்டிய திறன் இம்மூன்று நிலைகளில் முறையே 176, 408, 800 வாட். வேகம் இருமடங்குகூட ஆகவில்லை. திறன் நான்கரை மடங்கு ஆகிவிட்டது. செல்தொலைவோ பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பெரிய மோட்டார் சார்ஜைத் தின்னும் என்ற வழக்கு இங்கே தோன்றியது. ஆனால் தின்றது வேகமே. அதே பெரிய மோட்டாரைப் பூட்டிச் சமவெளியில் 25-ஐத் தாண்டாமல் ஓட்டுபவருக்குச் செல்தொலைவு ஏறத்தாழ முன்னிருந்த அளவிலேயே நிற்கும்.

மிதியின் பங்கையும் இங்கே குறித்துவிடலாம். 25 கி.மீ. வேகத்தில் ஓட்டுபவர் 75 வாட் தந்தால் செலவு 5 வாட்-மணியாகக் குறைந்து, செல்தொலைவு 64 கி.மீ. ஆகிறது. 45 கி.மீ. வேகத்தில் அதே 75 வாட் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வேகம் கூடக்கூட மனித உழைப்பு கணக்கில் கரைந்துபோகிறது.

6. ஏற்றக் கணக்கு

மோட்டாரின் முறுக்குவிசை அதன் சுருளில் பாயும் மின்னோட்டத்துக்கு நேர்விகிதம். சுருளில் எழும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம். ஆகவே குறிப்பிட்ட முறுக்குவிசைக்குக் குறிப்பிட்ட வெப்பம் எழுந்தே தீரும், வண்டி நகர்ந்தாலும் நகராவிட்டாலும்.

ஓர் ஏற்றத்தில் மோட்டார் 60 நியூட்டன் தள்ள வேண்டும், அதற்காகச் சுருளில் 150 வாட் வெப்பம் எழுகிறது என்று வைப்போம். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் ஏறினால் பயன்திறன் 300 வாட். ஒரு கிலோமீட்டரைக் கடக்க 200 நொடி. வெப்பமாக வீணாவது 8 வாட்-மணி. அதே ஏற்றத்தில் 6 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் பயன்திறன் 100 வாட் மட்டுமே. கடக்க 600 நொடி. வீணாவது 25 வாட்-மணி. சமவெளியில் வேகம் செலவைக் கூட்டியது. ஏற்றத்தில் ஊர்தல் கூட்டுகிறது.

இப்போது அதே முறுக்குவிசையைப் பாதி வெப்பத்தில் தரும் பெரிய மோட்டாரைப் பூட்டினால் இழப்பு பாதியாகும். ஊர்ந்த வண்டி ஊராமல் ஏறினால் இழப்பு மேலும் குறையும். திறனுயர்வு செல்தொலைவைக் கூட்டும் நிலை இதுவே. மிதியச்சில் மோட்டார் அமைந்த வண்டி இதே பயனைக் கியர் வழியாகப் பெறுகிறது: சக்கரம் மெல்லச் சுழன்றாலும் மோட்டார் வேகமாகவே சுழலலாம்.

7. திறனுயர்த்தும் வழிகள்

முதல் வழி, மின்னோட்ட வரம்பை உயர்த்துதல். கண்ட்ரோலரை மாற்றி 15 ஆம்பியரை 22 ஆக்குவது போன்றது. முறுக்குவிசை கூடும், உச்ச வேகம் ஏறத்தாழ மாறாது. மோட்டார் அதேதான் என்பதால் வெப்பம் இருமடிப் பெருக்கமாக ஏறும்: மின்னோட்டம் ஒன்றரை மடங்கானால் வெப்பம் இரண்டேகால் மடங்கு. குறுகிய ஏற்றங்களுக்கு இது பொருந்தும். நீண்ட மலைச்சாலைக்குப் பொருந்தாது.

இரண்டாம் வழி, மின்னழுத்தத்தை உயர்த்துதல். 36 வோல்ட்டிலிருந்து 48-க்குப் போனால் சுமையற்ற வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதே திறனுக்குப் பேட்டரியிலிருந்து குறைந்த மின்னோட்டம் போதும் என்பது இதன் நன்மை. அமெரிக்கரான ஆக்டன் போல்டன் 1895-இல் காப்புரிமை பெற்ற மின்மிதிவண்டி 10 வோல்ட்டில் 100 ஆம்பியர் வரை இழுக்கும் அமைப்புடையது. அதே 1,000 வாட்டுக்கு 48 வோல்ட்டில் 21 ஆம்பியர் போதும். ஆனால் முழுதாக ஏற்றிய 48 வோல்ட் பேட்டரி 54.6 வோல்ட்டில் நிற்கும். 50 வோல்ட் தாங்கும் மின்தேக்கிகள் உள்ள பழைய கண்ட்ரோலர் அதைத் தாங்காது. 42 வோல்ட் சார்ஜரும் இனி உதவாது.

மூன்றாம் வழி, மோட்டாரையே மாற்றுதல். வெப்பத்தைத் தாங்குவதும் இழப்பைக் குறைப்பதும் இது ஒன்றே. விலையும் எடையும் கூடும். சக்கர அச்சு பொருந்தும் பிளவுக்கு முறுக்குத் தாங்கி பூட்ட வேண்டும்.

8. பேட்டரியின் எல்லை

எவ்வழியாயினும் கூடுதல் மின்னோட்டம் பேட்டரியிலிருந்தே வரவேண்டும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி என்பது பத்துத் தொடராகவும் நான்கு இணையாகவும் கோத்த நாற்பது செல்கள். 20 ஆம்பியர் இழுத்தால் ஒவ்வொரு செல்லும் 5 ஆம்பியர் தரும். 30 இழுத்தால் ஏழரை.

இந்தச் செல் அடுக்கின் உள்தடை 0.15 ஓம் எனின், 10 ஆம்பியரில் அழுத்தம் ஒன்றரை வோல்ட் சரிந்து 15 வாட் வீணாகும்; 30 ஆம்பியரில் நாலரை வோல்ட் சரிந்து 135 வாட் வீணாகும். இச்சரிவுக்கு இன்னொரு விளைவும் உண்டு. 34 வோல்ட்டில் இருக்கும் பேட்டரி 30 ஆம்பியரில் 29.5-க்கு இறங்க, 30 வோல்ட்டில் நிறுத்தும்படி அமைத்த கண்ட்ரோலர் வண்டியை நிறுத்திவிடும். பேட்டரியில் ஆற்றல் இருக்கும், எடுக்க முடியாது. ‘பாதி சார்ஜ் காட்டுது, ஏத்தத்துல நின்னுடுது’ என்ற குறைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இதற்கு மருந்து இணைச் செல்களைக் கூட்டுவது. நான்கு இணையை ஆறாக்கினால் ஆற்றல் 540 வாட்-மணி ஆகும். ஒவ்வொரு செல்லின் சுமையும் மூன்றில் ஒரு பங்கு குறையும். கூடுவது இருபது செல்கள், ஏறத்தாழ ஒரு கிலோ. 100 கிலோவில் அது நூற்றில் ஒரு பங்கு. செல்தொலைவை நேரே விலைக்கு வாங்கும் வழி இது ஒன்றே. ஆயினும் பழைய செல்லோடு புதியதைக் கோத்தல், அழுத்தம் வேறுபட்ட இரு பேட்டரிகளை இணைத்தல், பி.எம்.எஸ். காவல் சுற்றைத் தவிர்த்தல் ஆகிய மூன்றும் தீவிபத்துக்கு வழி திறப்பவை. இப்பணி தேர்ந்தவர் கைக்கு உரியது.

9. மாற்றத்தின் படிநிலைகள்

முதற்படி அளத்தல். ஒரு வாரம் ஓடிய கிலோமீட்டரையும், சார்ஜரின் பிளக்கில் மாட்டிய மின்னளவி காட்டும் வாட்-மணியையும் குறித்து வகுத்தால், சார்ஜரின் சிறு இழப்பும் சேர்ந்த கிலோமீட்டர்ச் செலவு கிடைக்கும். இரண்டாம் படி வகைப்படுத்தல்: நம் வழியில் மிகுவது காற்றா, ஏற்றமா? மூன்றாம் படி செலவில்லாத திருத்தம்: டயர்க் காற்று, உராயும் பிரேக், உலர்ந்த செயின். நான்காம் படி பேட்டரி. ஐந்தாவதாகவே மோட்டார்.

ஐந்தாம் படியில் கால் வைப்பவர் இரண்டை முன்னதாகவே ஏற்றுக்கொள்கிறார். 25-இலிருந்து 45-க்குப் போகும் வண்டியில் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் மூன்று மடங்குக்கு மேல். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கை அதற்கு நம்ப இயலாது. மேலும், விதி வகுத்த வரம்பைத் தாண்டிய வண்டி பதிவு, உரிமம், காப்பீடு ஆகியவற்றிலிருந்து பெற்ற விலக்கை இழக்கிறது.

10. முடிபு

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை இப்போது மூன்று கூறாக நிற்கிறது. சமவெளியில் திறனுயர்வு வேகமாக மாறினால் செல்தொலைவு குறையும். வேகம் மாறாதெனில் செல்தொலைவும் ஏறத்தாழ மாறாது. ஏற்றத்தில் ஊர்ந்த வண்டி பொருத்தமான மோட்டாரால் ஊராமல் ஏறினால் செல்தொலைவு கூடும். எனவே மெக்கானிக்கிடம் போகுமுன் நமக்கு வேண்டியது டாப் ஸ்பீடா, பிக்கப்பா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டையும் ‘பவர்’ என்ற ஒரே சொல்லால் கேட்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் டாப் ஸ்பீடு. மைலேஜைக் குறைப்பதும் அதுவே.