உண்டியலில் போன கல்விக் கட்டணம்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், அயலில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கையில் கடிதத்துடன் வந்தார். மகளுக்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. "தம்பி, காசை ஆர் மூலம் அனுப்புறது நல்லம்? தெரிஞ்ச ஒருவர் வங்கியைவிட மலிவாய் அனுப்பித் தாறன் எண்டு சொல்லுறார்" என்றார். பத்திரிகைக்காரனிடம் யோசனை கேட்டால் பழைய கதையும் சேர்ந்தே வரும். அவர் பொறுமையாகக் கேட்டார்.

உண்டியல் என்ற சொல்லுக்கு எம்மவரிடையே கோயில் வாசலில் இருப்பது ஒன்று, காசு அனுப்புவது இன்னொன்று என இரு பொருள்கள். இரண்டாவது கொழும்பு செட்டியார் தெருவோடு சேர்ந்து வந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் எழுதிக் கொடுத்த உண்டியல், கடல் கடந்தும் காசாக மாறியது. அதன் பின்னால் இருந்தது சட்டம் அன்று, வாக்கு.

அதற்காகச் சாசனம் பெற்ற நிறுவனங்கள் எல்லாம் உறுதியானவை என்றும் கொள்ளமுடியாது. 1851இல் அரச சாசனம் பெற்ற ஒறியன்ரல் வங்கிக் கூட்டுத்தாபனத்தின் நோட்டுகளே இலங்கையில் பெருமளவு புழங்கின. 1884 மே மாதம் அது முறிந்தது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்க உத்தரவாதம் அளித்தார். வைப்பிட்டவர்களுக்கு அந்த நிழல் கிடைக்கவில்லை. அதே ஆண்டிலேயே அரசாங்கம் நோட்டு வெளியிடும் பொறுப்பைத் தானே ஏற்றது.

மாணவரின் காசு அரசின் கண்ணில் உண்மையாகப் பட்டது பின்னர்தான். யுத்தகாலத்தில் முளைத்த நாணயக் கட்டுப்பாடு, 1953ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டமாக நிலைபெற்றது. வெளிநாட்டில் படிப்பவருக்குப் பணம் அனுப்ப மத்திய வங்கியின் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் அனுமதி வேண்டியிருந்தது. 1970-71 கல்வியாண்டில் மருத்துவ பீட அனுமதிக்குத் தமிழ் மாணவருக்கு 250 புள்ளிகளும் சிங்கள மாணவருக்கு 229 புள்ளிகளும் என்று வந்தபோது, காணியை விற்றாவது பிள்ளையைக் கடல் கடத்திப் படிப்பிக்கும் எண்ணம் வடக்கில் வலுத்தது. பிரித்தானியாவோ 1967இலேயே வெளிநாட்டு மாணவருக்கு 250 பவுண், உள்ளூரவருக்கு 70 பவுண் என்று கட்டணத்தைப் பிரித்துவிட்டிருந்தது. 1980இல் முழுச் செலவையும் புதிய வெளிநாட்டு மாணவரின் தலையிலேயே போட்டது.

பிள்ளை அங்கே, பவுண் இங்கே இல்லை. இந்த இடைவெளியில்தான் உண்டியல் மறுபிறவி எடுத்தது. இலண்டனில் உழைத்தவர் வீட்டுக்கு ரூபா அனுப்ப விரும்பினார். இங்கே தகப்பனுக்குப் பவுண் தேவை. இருவரையும் ஒருவர் இணைத்தால் எந்த நோட்டும் கடலைக் கடக்கத் தேவையில்லை. 1983க்குப் பின்னர் பணம் பெரும்பாலும் மறுதிசையில் ஓடியது. போர்க்காலத்தில் அதனால் அடுப்பெரிந்த வீடுகளை நான் அறிவேன். ஆகவே உண்டியல்காரர் அனைவரையும் திருடர் என்று எழுத என் பேனா கூசும்.

ஆனால் அதற்கான பழைய நியாயம் இன்று இல்லை. 1977 நவம்பரில் ரூபா மிதக்கவிடப்பட்டது. 1994 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் எட்டாம் உறுப்புரையை இலங்கை ஏற்றபின், கல்விக் கட்டணம் போன்ற நடைமுறைக் கொடுப்பனவுகளுக்கு வழி திறந்தது. 64 ஆண்டுகள் நின்ற பழைய சட்டத்தை 2017 நவம்பரில் புதிய வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் அகற்றியது. 2022 மட்டும் விதிவிலக்கு. மார்ச் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. வங்கியில் டொலர் இல்லை என்று திரும்பிய பெற்றோர் மீண்டும் உண்டியல்காரரைத் தேடினர்.

"அனுமதிப்பத்திரம் இருக்கெண்டு சொன்னார்" என்றார் ஆசிரியர். எதற்கான அனுமதி என்பதே கேள்வி. நாணயமாற்றுக் கடையின் பத்திரம் நோட்டு மாற்றுவதற்கானது. இலண்டனுக்குக் கட்டணம் அனுப்புவதற்கு அன்று. பிரித்தானியாவில் நிதி நடத்தை அதிகாரசபையின் பொதுப் பதிவேட்டிலும் அத்தகைய வேறுபாடு உண்டு. முழு அனுமதி பெற்ற கொடுப்பனவு நிறுவனம் வாடிக்கையாளர் பணத்தைத் தனியாகப் பாதுகாக்கவேண்டும். சிறு நிறுவனமாகப் பதிந்தவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பல பல்கலைக்கழகங்கள் தாமே ஒரு நிறுவனத்தைக் குறிப்பிடுகின்றன. அத்தகையவற்றுள் ஒன்றான பிளைவயர், 2009இல் ஸ்பெயினிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற மாணவர் ஒருவர், தம் கட்டணத்தை அனுப்பப் பட்ட அலைச்சலிலிருந்து தொடங்கியது.

என் உறவினர் ஒருவரின் மகனுக்கு நேர்ந்ததையும் சொன்னேன். பத்து வீதம் கழிவுடன் கட்டணம் கட்டித் தருவதாக ஒருவர் சொன்னார். பல்கலைக்கழகக் கணக்கில் பணம் கட்டப்பட்டதாகவே காட்டியது. பையனும் தன் காசை அவரிடம் கொடுத்தான். சில வாரங்களில், திருடிய கடனட்டையால் செலுத்தப்பட்டது என்று அந்தத் தொகை திரும்பிப் போனது. பையனுக்கு ஒரு தவணையும், தாய்க்கு நகைகளும் இல்லாமற் போயின.

ஆசிரியர் கடிதத்தை மடித்தார். மறுநாள் காலை, பல்கலைக்கழகத்தின் கட்டணப் பற்றுச்சீட்டுடன் வங்கிக்குப் போனார். வீதத்தில் ஏறத்தாழ நாற்பதாயிரம் ரூபா கூடிவிட்டது என்று இன்றும் என்னிடம் குறைப்படுகிறார்.