இலக்கு எட்டியது, கடன் எட்டவில்லை

தோழர்களே, நம் மக்களுக்குக் கடன் மறுக்கப்படும்போது வங்கி விதியை மீறிவிட்டது என்கிறோம். பல நேரங்களில் அது விதிக்கு உட்பட்டே மறுக்கிறது. அந்த வரலாற்றை நாம் அறிந்தாக வேண்டும்.

1969 ஜூலை 19இல் 14 தனியார் வங்கிகள் நாட்டுடைமையாயின. பெருந்தொழிலுக்கும் வணிகத்துக்கும் ஓடிய பணத்தை உழவர், சிறுதொழில் செய்வோர் பக்கம் திருப்புவதே சொல்லப்பட்ட நோக்கம். 1972இல் வந்த வேறுபட்ட வட்டி விகிதத் திட்டம் இன்னும் ஒரு படி முன்னே போனது. முந்தைய ஆண்டின் மொத்தக் கடனில் 1 சதவீத அளவுக்கு வங்கிகள் வறியவர்களுக்கு 4 சதவீத வட்டியில் கடன் தர வேண்டும். அதில் 40 சதவீதம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும். பெயர் சொல்லி இட்ட ஆணை அது. ஆனால் தகுதிக்கான வருமான வரம்பு விலைவாசியோடு சேர்ந்து உயரவில்லை. 2007இல் உயர்த்திய பிறகும் கிராமத்துக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 18,000 ரூபாய்தான். ரத்து செய்யாமலே ஒரு திட்டத்தைச் சாகவிடலாம்.

1980களில் ‘நலிந்த பிரிவினர்’ இலக்கு வந்தது. அன்று 10 சதவீதம், இன்று 12. இந்த ஒரே எண்ணுக்குள் சிறு, குறு விவசாயிகள், கைவினைஞர்கள், சுய உதவிக் குழுக்கள், சிறுபான்மையினர் ஆகியோரோடு நாமும் இருக்கிறோம். நமக்கெனத் தனிப் பங்கு இல்லை. சேரிக்குள் கால் வைக்காமலே ஒரு வங்கி இந்த இலக்கை எட்டிவிட முடியும்.

எட்டாவிட்டாலும் வழி உண்டு. 1995 முதல் குறையும் தொகையை நபார்டின் ஊரக உள்கட்டமைப்பு நிதியில் போடலாம். அங்கிருந்து அது மாநில அரசுகளுக்குக் கடனாகி, சாலையும் பாலமும் ஆகிறது. 2016 முதல், இலக்கைத் தாண்டிய வங்கியிடம் முன்னுரிமைக் கடன் சான்றிதழை விலைக்கே வாங்கலாம். நுண்கடன் நிறுவனத்துக்கு வங்கி தரும் பணமும் சில நிபந்தனைகளோடு முன்னுரிமைக் கடனாகிறது. அதே பணத்துக்கு நம் பெண்கள் 20 சதவீதத்துக்கும் மேல் வட்டி கட்டுகிறார்கள்.

விதி மாறும்தோறும் வங்கியின் கணக்கு மாறியது. மேலாளரின் மேசைக்கும் நமக்கும் உள்ள தூரம் மாறவில்லை. எனவே இலக்கின் சதவீதத்தை உயர்த்தக் கேட்பது மட்டும் போதாது. கிளைவாரியாக, சாதிவாரியாக எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு மறுத்தீர்கள், என்ன காரணம் என்று கேட்க வேண்டும். பொதுத்துறை வங்கிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. மாணவத் தோழர்களே, உங்கள் ஊர்க் கிளையிலிருந்து தொடங்குங்கள்.